டட்சனுக்கு எந்த எஞ்சின் போடுவது?

மருதமுனையில் எங்கட கூட்டாளி ஒருவரின் வீட்டு வளவில், தறிக் கொட்டிலுக்குப் பக்கத்தில், டட்சன் 1200 பிக்கப் ஒன்று ஏழு மாதமாக நிற்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது. அவருடைய மூத்தாப்பா வாங்கிய வண்டி. சாரனும் சாறியும் கட்டுக் கட்டாக இதில்தான் கண்டிக்கும் கொழும்புக்கும் போயின. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் வாடகை லொறி. வருகிற இலாபத்தில் பாதி லொறிக்கே போய்விடுகிறது. உம்மா கைக்காப்பு இரண்டை அடகு வைத்துக் காசு தந்திருக்கிறார். அந்தக் காசு ஒரு தடவைக்குத்தான் காணும். பிழையான எஞ்சினை இறக்கிவிட்டு, "சரி, கழற்றிப்போட்டு வேறொன்று பார்ப்பம்" என்று சொல்ல வழியே இல்லை.

அதனால் இரண்டு மாதமாக எங்கட சந்திப்புகளில் புத்தகமும் படமும் பின்னுக்குப் போய்விட்டன. எஞ்சின்தான் பேச்சு. எங்களில் ஒருவர் மட்டும்தான் கராஜில் வேலை செய்தவர். மற்றவர்கள் கேட்டும் வாசித்தும், வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தும் படித்தவர்கள். முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். டீசல் வேண்டாம், டர்போவும் வேண்டாம். அதே குடும்பத்தில் பெரிய எஞ்சினான ஏ15, அதோடு ஐந்து கியர் உள்ள பழைய சன்னி கியர் பொக்ஸ். இரண்டுக்கும் முதல் பிரேக். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகள் மூன்று வகை. கராஜ் வைத்திருக்கிற காக்கா ஒருவர் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "டீசலப் போடுங்க மகன். டொயோட்டா 2சி ஒண்டு இரிக்கி. மூணு நாளையில இறக்கித் தாறன், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க." எங்கள் வயதுக்காரர்கள் போனில் வீடியோ காட்டினார்கள். எங்கோ ஒரு நாட்டில் இதே டட்சனில் டர்போ எஞ்சினைப் போட்டு டயரைப் புகையவிடுகிறார்கள். மூன்றாவது, கொழும்பில் இருந்து வந்த ஒருவர். ஒன்றையும் தொடாதீர்கள், அப்படியே எனக்குத் தாருங்கள் என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து 2025 பெப்ரவரியில் திரும்ப விட்டது வரை பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் நமக்குத் தெரியும். அவர் சொன்ன விலையும் குறைந்த விலை இல்லை. ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு ஓடுகிற பிக்கப் வராது. விற்றால் வண்டியோடு தொழிலும் போகும்.

டீசல் கதைக்கு வருவோம். நம்ம பக்கத்தில் டீசல் என்றாலே சிக்கனம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. உழவு இயந்திரம், லொறி, டொல்பின் வேன் எல்லாம் டீசல்தானே. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கூட்டாளியின் வண்டி மாதம் 800 கிலோமீற்றர் ஓடும். பெற்றோலில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், டீசலில் 15 என்று வைத்தோம். பெற்றோல் 300 ரூபா, டீசல் 280 ரூபா என்று வட்டமாக எடுத்தோம். பெற்றோலுக்கு மாதம் 20,000 ரூபா, டீசலுக்கு ஏறக்குறைய 15,000. மிச்சம் 5,000. டீசலுக்கு மாற்ற எங்களிடம் கூடுதலாகக் கேட்ட தொகை மூன்று இலட்சம். அதை மீட்க 60 மாதம் வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் எஞ்சினுக்கு ஒரு நோயும் வராமல் இருக்க வேண்டும்.

விலை இடைவெளியும் நிரந்தரம் இல்லை. 2022இல் ஷெட்டுக்கு முன்னால் கிடந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் ஜூன் 26ஆம் திகதி வந்த விலையில் 92 பெற்றோல் 470 ரூபா, ஓட்டோ டீசல் 460 ரூபா. பத்து ரூபா வித்தியாசம். வரிசை இரண்டும் ஒரே நீளம்.

2சி கெட்ட எஞ்சின் என்று சொல்லவில்லை. 1974 சிசி, நம்ம ரோட்டில் எத்தனையோ வேன்களை இழுத்த எஞ்சின். ஆனால் சூடேறினால் அதன் ஹெட் வெடிக்கும் என்பது கராஜ்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. டட்சன் 1200இன் முன்பக்கம் சின்னது. சின்ன ரேடியேட்டருக்கு அளவான இடம்தான் அதில் உண்டு. அந்த இடத்தில் பாரமான டீசல் எஞ்சினைத் திணித்து, 500 கிலோ சாமானோடு மலை ஏறச் சொன்னால் சூடேறாமல் என்ன செய்யும்? வெறும் வண்டியே ஏறக்குறைய 700 கிலோதான். மூக்கில் பாரத்தைக் கூட்டினால் முன் ஸ்பிரிங், ஸ்டியரிங், பிரேக் எல்லாவற்றிலும் அது தெரியும். வருடா வருடம் புகைப் பரிசோதனையில் பழைய டீசல் எஞ்சின் படுகிற பாடு தனி.

எங்களை டீசலில் இருந்து விலக்கியது இந்தக் கணக்குகள் மட்டும் இல்லை. கூட்டாளியின் மச்சான் ஒருவர் இன்னொரு பிக்கப்பில், கொஞ்சம் புதிய வண்டி, பெற்றோலை எடுத்துவிட்டு டீசல் போட்டிருந்தார். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது ஒரு வெற்றிடம் உண்டாகும். பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் போதாது, அதனால் தனியாக ஒரு பம்ப் வேண்டும். பல எஞ்சின்களில் அது ஓல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் இருக்கும். மச்சானின் வண்டியில் முதலில் பம்ப் இருந்தது. ஓல்டர்னேட்டர் பழுதானபோது ஒரு கராஜில் பம்ப் இல்லாத வேறொன்றைப் பூட்டி, மிஞ்சிய ஹோஸின் வாயை ஆணி வைத்து அடைத்துவிட்டார்கள். லைட் எரிந்தது, பெற்றரி சார்ஜ் ஆனது, எல்லாரும் சந்தோசம். பிரேக் மட்டும் கட்டையாகிவிட்டது. கல்முனையின் சமதரையில் அது பெரிதாகத் தெரியவில்லை. கண்டியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவில் இறங்கும்போதுதான் தெரிந்தது. மலைப்பக்கத்து மண்ணில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். மற்றப் பக்கம் போயிருந்தால் நாங்கள் இதை வேறு மாதிரி எழுதியிருப்போம். இன்னமும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். "எஞ்சின் நல்ல எஞ்சின்டா தம்பி, அதுல ஒரு குறையும் சொல்ல ஏலா" என்றுதான் இப்பவும் சொல்வார்.

எஞ்சினை மாற்றுவது என்றால் அதில் தொங்குகிற எல்லாவற்றையும் மாற்றுவது என்று எங்களுக்குப் புரிந்தது அப்போதுதான். ஆகவே எஞ்சின் கேள்விக்கு முதல் வண்டியைக் கேட்டோம்: உன்னால் எதைத் தாங்க முடியும்?

அதன் பதில் அவ்வளவு சந்தோசமானதாக இல்லை. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது இந்த வண்டி சீற் வரைக்கும் தண்ணீருக்குள் நின்றது. அப்போது எஞ்சினைத் திறந்து கழுவி ஓடவைத்துவிட்டார்கள். தகட்டின் மடிப்புகளுக்குள் போன உப்பை யாரும் கழுவவில்லை, கழுவவும் முடியாது. அதற்கு மேல் இருபது வருடக் கடல்காற்று. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தோம். பின் பட்டை ஸ்பிரிங் மாட்டுகிற இடம் பரவாயில்லை. கியர் பொக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தின் ஒரு பக்கம் உள்ளே போனது. இந்த இடத்தில் புதுத் தகடு வெட்டி ஒட்டாமல் எந்த எஞ்சினைப் போட்டாலும் அது காசைக் கடலில் போடுவதுதான். நம்ம கரையோரத்தில், நிந்தவூரோ ஒலுவிலோ பொத்துவிலோ, பழைய வண்டி வாங்க நினைக்கிற ஆளுக்கு எங்கள் முதல் சொல் இதுதான்: பெயின்ட் பார்க்க வேண்டாம், சுத்தியலோடு போங்கள்.

இனி ஏ15. டட்சன் 1200 1970இல் ஜப்பானில் வந்த கார். அதன் பிக்கப் அடுத்த வருடம். எங்களுடையதில் வந்த எஞ்சின் ஏ12, 1171 சிசி. அதே அச்சில் ஏ14, ஏ15 என்று பெரியவை பின்னால் வந்தன. ஏ12இல் பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் 70 மில்லிமீற்றர். ஏ15இல் 82. துளையும் 73இல் இருந்து 76 ஆகப் பெரிது. மொத்தம் 1488 சிசி வரும். பிஸ்டன் கூடத் தூரம் போவதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கும். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு வேண்டியது அதுதான். உயரம் சற்றுக் கூட, அதனால் ஏர் கிளீனர் பொனட்டில் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றப்படி ஒரே குடும்பம் என்பதால் கியர் பொக்ஸ் பூட்டுகிற முகம் பொருந்தும்; மவுண்ட், சம்ப் போன்றவற்றைப் பழைய எஞ்சினில் இருந்து எடுத்து அளந்து பார்க்கலாம். வெட்டுக்கொத்து மிகக் குறைவு.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. நிஸான் கம்பனியே செய்த மாற்றம். தென்னாபிரிக்காவில் இதே பிக்கப்பை, இதே உடலோடு, ஏ14 எஞ்சின் போட்டு நிஸான் 1400 என்ற பெயரில் 2008 வரைக்கும் செய்து விற்றார்கள். பின்னாளில் ஐந்து கியரும் கொடுத்தார்கள். கொழும்பில் இருந்து வந்தவர் "ஒரிஜினல்" என்று எதைச் சொல்கிறார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கலாம் போல இருக்கிறது.

ஏ15 எங்கே கிடைக்கும்? நிஸான் வெனட் வேன்களில். ஒரு காலத்தில் நம்ம ஊர்களில் ஸ்கூல் வேன், கூலி வேன் எல்லாம் அதுதான். அதனால் பஞ்சிகாவத்தைக்குப் போகாமலே கேஸ்கட், பிஸ்டன் ரிங், தண்ணிப் பம்ப் கிடைக்கிற எஞ்சின் இது. கல்முனையில் இல்லாவிட்டால் மட்டக்களப்பில் இருக்கும். டர்போ காட்டிய தம்பிமாரிடம் நாங்கள் கேட்டது இந்த ஒரு கேள்விதான்: சியம்பலாண்டுவையில் இரவு பத்து மணிக்கு நின்றுவிட்டால் எந்தக் கடையைத் தட்டுவது? சென்சர் ஒன்று போனால் வயரிங் படம் யாரிடம்? ஏ15 என்றால் பிளக், பொயின்ட், காபிரேட்டர். தெருவோரத்தில் ஒரு டோர்ச்சும் இரண்டு சாவியும் இருந்தால் எப்படியும் வீடு வந்து சேரலாம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது ஒஸ்டின்களும் மொறிஸ் மைனர்களும் பெற்றோலை ஒரு துளி காட்டி உயிர் கொடுத்து, மண்ணெண்ணெயில் ஓடினவே. அப்படி ஓடியது அந்த எஞ்சின்கள் எளிமையாக இருந்ததால்தான். கியூபாவில் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள் இன்னும் ஓடுவதும் கிடைத்த எஞ்சினைப் போட்டு ஓட்டுவதால்தான். பெரும்பாலும் டீசல்! எங்கள் வாதத்துக்கு எதிரான உதாரணம்தான், ஒளிக்கவில்லை. ஆனால் அவை பெரிய, பாரமான கார்கள். டட்சன் தும்பி.

டொயோட்டா 5கே போடலாம் என்று ஒரு கட்சி எங்களுக்குள்ளேயே இருந்தது. அதுவும் 1486 சிசி, நல்ல எஞ்சின், லைட்ஏஸ் வேன்களில் வந்தது, சாமான் தாராளம். மைனருக்குள் கே எஞ்சின் போட்டவர்கள் பலர். ஆனால் டட்சனுக்கு அதைப் போட்டால் கியர் பொக்ஸும் சேர்ந்து மாற வேண்டும், மவுண்ட் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். ஏ15 கிடைக்காவிட்டால் அதுதான் எங்கள் இரண்டாவது தெரிவு.

கியர் பொக்ஸ்தான் எங்களுக்குத் தலையிடி. எஞ்சினைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், கியர் பொக்ஸைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எங்களுடையது நாலு கியர். நாலாவது நேர் கியர். டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.70 மீற்றர் உருளும். டிபரன்சல் 4.11 என்று வைத்தால், 70 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுற்றும். ஐந்தாம் கியர் 0.82 என்று கிடைத்தால் அதே வேகத்துக்கு 2,300 போதும். அக்கரைப்பற்றில் இருந்து பொத்துவில், மொனராகலை வழியாகக் கொழும்புக்கு ஏ4 ரோட்டில் போய்ப் பாருங்கள். அந்த 500 சுற்று, காதுக்கும் பெற்றோலுக்கும் எவ்வளவு என்று தெரியும். டீசலில் தேடிய சிக்கனத்தில் ஒரு பங்கை நாங்கள் இங்கே எடுக்கிறோம்.

வெனட் வேனின் ஐந்து கியர் பொக்ஸையே எஞ்சினோடு சேர்த்து எடுக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். வேனில் எஞ்சின் சீற்றுக்குக் கீழே. கியர் லீவர் நேரே பொக்ஸில் நிற்காது, கம்பிகள் வழியாகத் தூரத்தில் இருந்து இழுக்கிற ஏற்பாடு. பிக்கப்பில் லீவர் தரையில் ஒரு துளை வழியாக நேரே மேலே வர வேண்டும். அதற்குப் பழைய பின்சக்கர இழுவைச் சன்னியின் பொக்ஸ் வேண்டும், அதாவது பி310. 1981இல் சன்னி முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ட்ராட் சன்னியின் பொக்ஸ் ஒன்றை ஒருவர் எங்களுக்கு விற்கப் பார்த்தார். "இதுவும் சன்னி, அதுவும் சன்னிதானே" என்றார். பெயர்தான் ஒன்று. இது குறுக்கே கிடக்கிற சாமான், நமக்கு ஒரு வேலைக்கும் உதவாது. நல்லவேளையாகக் கராஜ் அனுபவம் உள்ள கூட்டாளி கூட வந்திருந்தார். இல்லாவிட்டால் காப்பு அன்றைக்கே போயிருக்கும்.

பொக்ஸ் கிடைத்தாலும் வேலை முடியாது. கிளச் பிளேட்டின் வெளிவட்டம் எஞ்சினின் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுப்பல் கியர் பொக்ஸின் தண்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டு வண்டியில் இருந்து இரண்டு சாமான் எடுக்கும்போது இங்கேதான் பிழைக்கும். நீளம் வித்தியாசப்பட்டால் ப்ரொப்பெலர் ஷாஃப்டை வெட்டி ஒட்டிச் சமநிலை பார்க்க வேண்டும். சும்மா வெல்டிங் அடித்துப் பூட்டினால் 60ஐத் தாண்டும்போது வண்டி நடுங்கும். குறுக்குச் சட்டத்தின் இடமும் மாறலாம். நமக்கு அது எப்படியும் புதிதாகச் செய்கிற சட்டம் என்பதால் இந்த ஒரு விடயத்தில் துருவுக்கு நன்றி சொல்லலாம்.

மின்சார மோட்டார் போட்டால் என்ன என்று எங்களில் ஒரு சகோதரி விடாமல் கேட்டார். நல்ல கேள்வி. கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் மீன் ஏற்றுகிற வண்டி என்றால் நாங்களும் அந்தப் பக்கம் சாய்ந்திருப்போம். 500 கிலோவோடு கண்டி ஏறுகிற வண்டிக்கு வேண்டிய பெற்றரியின் விலையில் காப்பு இரண்டு இல்லை, இருபது போகும். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக எழுதச் சொல்லியிருக்கிறோம்.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் இலக்கம் வாகனப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். டீசலுக்கு மாறினால் எரிபொருள் வகையும் மாறும். எஞ்சின் வாங்கிய பில் இல்லாமல் "பிறகு பார்ப்பம்" என்று ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். விற்கிற நாளில்தான் அழுவார்கள். எங்கள் கூட்டாளியின் வண்டியில் சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள பழைய தகடு. 1957, 58இல் அந்த எழுத்தை மறுத்து வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள். இன்று அதே சிங்கள ஸ்ரீ இருப்பதால் வண்டிக்கு விலை கூடுகிறது என்று கொழும்பு ஆள் சொன்னார். மூத்தாப்பா இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துச் சிரித்தோம்.

பிரேக்குக்குத்தான் காசில் முதல் பங்கை ஒதுக்கியிருக்கிறோம். நாலு சக்கரத்திலும் ட்ரம். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், குழாய் எல்லாம் புதிது. முன்னுக்கு டிஸ்க் போடுவதா என்பது பி310 ஒன்றை முழுதாகப் பார்த்த பிறகு. இது முடியாமல் எஞ்சின் இறக்குவதில்லை என்று மச்சான் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

கராஜ் காக்காவுக்கும் விடயத்தைச் சொன்னோம். கோபப்படவில்லை. "செலவுதான் மகன், வேறென்ன. ஏ15 எண்டா ரெண்டு கிழமை எடுப்பன், பரவாயில்லையா?" என்று கேட்டார். பழைய ஏ12ஐ விற்க வேண்டாம் என்றும் சொன்னார். எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, தறிக் கொட்டிலின் மூலையில் வைத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் இரண்டு பேர் பஞ்சிகாவத்தைக்குப் போகிறார்கள், பி310 பொக்ஸ் தேடி. பழைய கிளச் பிளேட்டைப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறோம், பல் எண்ணிப் பார்க்க. உங்களில் யாருடைய வளவிலாவது பழைய சன்னி ஒன்று கோழிக்கூடாக நின்றால், அதன் கியர் லீவரில் ஐந்து எழுதியிருக்கிறதா என்று ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்.